கோப்பை கழுவுதலும் சிவதொண்டும்

வெளிநாட்டில் படிக்கும் மாணவர் படிப்புக்கு நடுவே செய்யும் கூலிவேலையை யாழ்ப்பாணத்தார் பொதுவாகக் ‘கோப்பை கழுவுதல்’ என்பர். உணவகச் சமையலறை, பெற்றோல் செட், சூப்பர்மார்க்கெட் களஞ்சியம், முதியோர் இல்லம் என்று வேலை எதுவானாலும் பெயர் இதுதான். சொல்லில் பரிவும் உண்டு, சிறிது இளக்காரமும் உண்டு. அந்த இளக்காரத்துக்குள் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. கல்வி அறிவின் வழி, கூலிவேலை வயிற்றின் வழி என்று பிரித்துவைத்தால், ஒரே நாளில் இரண்டிலும் நடக்கிறவர் எந்த வழியில் நிற்கிறார்?

பழந்தமிழ் மரபு இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. தலைவன் வீட்டைப் பிரியும் காரணங்களில் தொல்காப்பியம் ஓதற்பிரிவை ஒன்றாகவும் பொருள்வயிற் பிரிவை வேறொன்றாகவும் கொள்கிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுக்கு மேல் தங்கலாகாது என்று அந்நூலின் கற்பியல் எல்லையும் இடுகிறது. படிக்கப் போனவன் போன இடத்தில் பொருளும் தேடுவான் என்ற நிலை அந்நூலின் கணக்கில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரு பிரிவும் ஒன்றானது அண்மைக் கதை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் என்ற அனுமதி முறை பல்கலைக்கழக வாசலைக் குறுக்கியது. 1983க்குப் பின் போர் ஊரிலிருந்தே பிள்ளைகளைத் துரத்தியது. வசதியுள்ள வீடுகள் கையிருப்பைக் கொடுத்து அனுப்பின. மற்றவை காணியை ஈடு வைத்தும் நகையை அடைவு வைத்தும் அனுப்பின. மிச்சத்தைப் பிள்ளை உழைத்துக் கட்டவேண்டும் என்பது அன்று முதல் எழுதப்படாத ஒப்பந்தம்.

வடமொழி மரபில் மாணவனுக்குச் சம்பாதிக்கும் கடமை கிடையாது. பிரமச்சாரி பிட்சை எடுத்து உண்பான். ஊர் அவனைத் தாங்கும். ஆனால் உடலுழைப்பு அவனுக்கு விலக்கப்பட்டதன்று. சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சத்தியகாமன் கல்வி கேட்டுப் போனதும், ஆசிரியர் கௌதமர் மெலிந்த 400 பசுக்களை அவனிடம் ஒப்படைக்கிறார். அவை ஆயிரமாகும்வரை அவன் காட்டிலே மேய்க்கிறான். திரும்பி வரும் வழியில் காளையும் நெருப்பும் அன்னமும் நீர்ப்பறவையும் பிரமத்தின் நான்கு பாதங்களை ஒவ்வொன்றாக அவனுக்கு உணர்த்துகின்றன. ஆசிரியர் வாயால் பாடம் தொடங்குமுன்பே அவன் முகத்தில் அறிவின் ஒளி தெரிகிறது. மாடு மேய்த்த ஆண்டுகள் கல்விக்கு முன் கழிந்த வீண்காலம் என்று அந்தக் கதையைப் படித்த எவரும் சொல்லமாட்டார். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. சத்தியகாமனின் மாடுகள் ஆசிரியருடையவை. அவன் வளர்ச்சியில் அக்கறை உள்ளவர் கொடுத்த வேலை அது. உணவக முதலாளிக்கு அந்த அக்கறை இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் இன்னும் நெருக்கமாக வருகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் முதலாவது உடம்பால் செய்யும் பணி: கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூப் பறித்தல். ஞானத்துக்கான படிக்கட்டு விளக்குமாற்றில் தொடங்குகிறது. கையில் உழவாரத்தோடு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பர் இந்நெறிக்கு எடுத்துக்காட்டு. பெரிய புராணத்தில் குயவரும் வண்ணாரும் பரதவரும் தத்தம் தொழிலை விட்டு ஓடாமல், அத்தொழிலிலேயே நின்று நாயன்மாராயினர். இங்கே எழும் தடை நியாயமானது. அவர்களுடைய பணி சிவனுக்கோ அடியாருக்கோ போய்ச் சேர்ந்தது. லண்டன் உணவகத்தில் கழுவும் கோப்பை யாருக்குப் போய்ச் சேருகிறது?

இதற்கான விடையைத் தேட கொழும்புத்துறைக்கு வரவேண்டும். யாழ்ப்பாண நகரை அடுத்து, கடல்நீரேரிக் கரையில் இருக்கும் இவ்வூரில்தான் யோகர் சுவாமிகள் (1872–1964) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். முதலில் ஓர் இலுப்பை மரத்தடியில், பிறகு அருகிலேயே ஒரு குடிலில். அவர் வேலை தெரியாத துறவி அல்லர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து சம்பளம் வாங்கியவர். நல்லூர்த் தேரடியில் தம் குருவான செல்லப்பா சுவாமிகளைக் கண்டதும் அந்த உத்தியோகக் காலத்தில்தான். பின்னாளில் அவரைத் தேடி வந்த ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், கமக்காரர் எல்லோரையும் துறவுக்கு அழைக்காமல், அவரவர் வேலையையே சிவதொண்டாகச் செய்யும்படி திருப்பி அனுப்பினார். அவர் வழியில் வந்த சஞ்சிகைக்கும் நிலையத்துக்கும் ‘சிவதொண்டன்’ என்றே பெயர். எல்லாம் சிவன் செயல் என்றால், சிவனுக்குப் போய்ச் சேராத வேலை என்று ஒன்று மிஞ்சாது. செய்கிறவன் ‘நான்’ என்ற எண்ணம் மட்டுமே இடையில் நிற்கிறது. கோப்பையின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. இதே ஊரில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தில் பயில்வோருக்கும் இது புதிதன்று: கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலால் தம் சோற்றைத் தேடிக்கொண்டே போதித்தவர் புனித பவுல்.

பகவத்கீதையை முன்வைத்து இன்னொரு தடை சொல்லப்படுவதுண்டு. பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. மாணவரோ கட்டணத்துக்கும் வாடகைக்கும் என்றே வேலைக்குப் போகிறார். பலனை நோக்கிச் செய்வதும் பலனில் பற்று வைப்பதும் ஒன்றென்று கொண்டால்தான் இத்தடை நிற்கும். விளைச்சலை எண்ணாமல் எந்தக் கமக்காரரும் விதைப்பதில்லை. விளைச்சல் பொய்த்தபோது தம்மையே இழந்துவிடாத நிலையைத்தான் கீதை கேட்கிறது.

இவ்வேலையில் உண்மையாகவே நோகிற இடம் வேறு. யாழ்ப்பாணச் சமூகம் துணி வெளுத்தல், முடி திருத்தல், துப்புரவு ஆகியவற்றைப் பிறப்பால் சிலர்மேல் சுமத்தி, மற்றவர் அவற்றைத் தொடுவதே இழுக்கு என்று தலைமுறைகளாகக் கற்பித்தது. அந்தக் கற்பித்தலோடு வளர்ந்த பிள்ளை, ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ கழிப்பறையைத் துடைத்துவிட்டு விரிவுரைக்குப் போகிறது. வீட்டுக்குச் சொல்வது ‘பகுதிநேர வேலை’ என்று மட்டும். வீட்டார் ஊருக்குச் சொல்வது ‘படிக்கிறார்’ என்று மட்டும். சித்தாந்த மொழியில் இது ‘நான்’ என்ற முனைப்பாகிய ஆணவ மலத்தின் தொழில்தான். கோப்பையில் அழுக்கு இருந்தது, கழுவினால் போயிற்று; கழுவிய கையைப் பற்றிய வெட்கம் போகவில்லை. வண்ணாராக நின்று நாயனாரான திருக்குறிப்புத்தொண்டரின் குருபூசையில் கைகூப்பும் ஊர், தன் மகன் துணி வெளுப்பதை மறைத்தால் அந்த வழிபாடு பாதியில் நிற்கிறது. வெளிநாட்டில் அதே வேலையை மதிப்போடு செய்து பழகியவர் ஊருக்குத் திரும்பிய பிறகும், இங்கே அவ்வேலையைச் செய்பவரைத் தம் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினால், அவர் அங்கே சம்பளம் மட்டுமே பெற்றார் என்றாகும்.

அடுத்தது வாய்மை பற்றிய கேள்வி. மாணவர் விசா பெரும்பாலும் வேலைக்கு அளவு வைக்கிறது. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவில் 2023 யூலை முதல் இரு கிழமைக்கு 48 மணித்தியாலம். கனடாவில் 2024 நவம்பர் முதல் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24. இதற்கு மேல் கணக்கில் வராமல் கையில் காசு வாங்கி வேலை செய்வது பாவமா? வயிற்றுக்காக அரைமணி கூடுதலாக உழைத்தவரைத் திருடரோடு சேர்த்து எண்ணுவது அறமாகாது. ஆனால் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்ற வள்ளுவர் அளவுகோலை வைத்தாலும் வேலை நேரத்தை மறைக்கும் இப்பொய் தேறாது. இதில் முதலில் தீங்கடைபவர் அதைச் சொன்னவரே. கணக்கில் இல்லாத மணிக்கு முதலாளி குறைந்த சம்பளம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். முறையிடப் போனால் விசா போய்விடும். பொய் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தப் பொய்யும் பெரும்பாலும் முதற்பொய் அன்று. விசாவுக்காக வங்கியில் காசு காட்டும்போது, வட்டிக்கு வாங்கி ஒரு மாதம் கணக்கில் வைத்துத் திருப்பிக் கொடுத்த வீட்டில்தான் அது தொடங்கியது. வினைப்பயனைக் கூறுபோடுவதானால் அனுப்பியவர் பங்கு சிறிதன்று.

உழைப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் படிப்பை விழுங்கினால் அது மாணவரின் தருமத்துக்கு விரோதம். இரவு முழுதும் நின்று வேலை செய்து விரிவுரையில் தூங்குகிறவருக்கு இரண்டு தொண்டும் கைகூடவில்லை. இதைத் தனிமனித உறுதியால் தீர்க்கச் சொல்வது கொடுமை. கணக்கே பிழையாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் பிரித்தானியாவின் குறைந்தபட்சச் சம்பளம், 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு, மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று ஓராண்டு விடாமல் உழைத்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 1,058 பவுண்தான் வரும். லண்டனில் படிப்பவரின் வாழ்க்கைச் செலவுக்கென்று விசா அலுவலகம் அவ்வாண்டின் தொடக்கத்தில் காட்டச் சொன்ன தொகையோ மாதத்துக்கு 1,483 பவுண். கல்விக் கட்டணம் இதில் சேரவே இல்லை. காணி உறுதியை ஈட்டுக்குக் கொடுக்கப் போகும் தாய் தகப்பன் முதலில் இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும்.