தண்ணீர் ஊற்றாத தாய்

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தாய்மாரைப் படைத்து, ஒருத்தியின் கையில் தண்ணீரையும் மற்றொருத்தியின் வாயில் ஓலத்தையும் கொடுத்து, அவ்விரண்டினின்றும் கிளைத்த வாழ்க்கைகளை அடுத்தடுத்து நம் முன் வைத்தவர் ஜெயகாந்தன். 1966-ல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்னிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், கொட்டும் மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள் ஒரு கல்லூரி மாணவி. அவளுடைய விதவைத் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, மகளைத் தலைமுழுக வைத்து, இந்தத் தண்ணீரையே நெருப்பென்று நினைத்துக்கொள் என்று சொல்லி, அழுக்குப் போயிற்று என்று தானே தீர்ப்பும் அளித்துவிடுகிறாள். அந்தக் கதை கிளப்பிய ஆட்சேபக் குரல்கள் அடங்குவதற்குள், அந்தத் தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை ஆசிரியரே எழுப்பிக்கொண்டார். அதற்கு விடையாகத்தான் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலாகி, 1972-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமிப் பரிசையும் பெற்ற நாவல் பிறந்தது.

நாவலின் தாய் கனகம் ஊரறிய அலறிவிடுகிறாள். மகன் கணேசன் தங்கை கங்காவை வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறான். தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் வெங்கு மாமாவின் தயவில் படித்து, உத்தியோகத்துக்கு வந்து, தன் காலில் நிற்கிற பெண்ணாகிவிட்ட கங்காவோடு பிற்பாடு அதே தாய் வந்து வசிக்கிறாள். பிணங்கிய தாயும் மகளும் ஆளுக்கொரு திசையில் போய் முகத்தில் விழிக்காமல் இருப்பதுதான் கதைகளில் நாம் கண்டு பழகியது. இங்கேயோ ஒரே கூரையின்கீழ், ஒருத்தி சமைத்துப் போட, மற்றொருத்தி சம்பாதித்துப் போட, இருவருக்கும் இடையே சொல்லப்படாத ஒரு வார்த்தை நாள்தோறும் உட்கார்ந்திருக்கிறது. கங்காவே தன் கதையைச் சொல்வதாக அமைந்த பக்கங்களில் தாயைப் பற்றி வருகிற சிடுசிடுப்பையும் ஏளனத்தையும் பார்த்து, இத்தனை படித்த பெண்ணுக்கு இத்தனை நாளைய கோபம் ஏன் என்று கேட்கிற வாசகர் உண்டு. எனக்கோ அந்தக் கோபம் ஒரு தர்ம விசாரணையாகவே படுகிறது.

ஒருத்தி அசுத்தமானாள் என்றும் சுத்தமானாள் என்றும் சொல்கிறோமே, அது அவளிடத்தில் நிகழ்ந்த ஒரு மாறுதலைக் குறிக்கிறதா, அல்லது அவளைச் சூழ்ந்தவர்கள் அவள்மீது சாற்றுகிற ஒரு பிரகடனமேயா என்பதே அந்த விசாரணை. வெங்கு மாமா தர்ம சாஸ்திரத்தை நுனிநாக்கில் வைத்திருப்பவர். கெட்டுப்போன பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை, கெடுத்தவனைக் கண்டுபிடித்து அவனோடு இருக்க முடியுமானால் இருக்கட்டும், இல்லாவிட்டால் எவனுக்காவது வைப்பாக இருக்க வேண்டியதுதான் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த 'எவனாவது' தானாகவே இருக்கலாம் என்ற அந்தரங்க நப்பாசையும் அந்தச் சித்தாந்தத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை ஜெயகாந்தன் மறைக்கவில்லை. ஆனால் சாஸ்திரம் அவர் சொல்வதோடு முடிந்துபோகவில்லை. வசிஷ்ட தர்ம சூத்திரத்தின் இருபத்தெட்டாம் அத்தியாயம், பலாத்காரத்துக்கு ஆளான மனைவியையும் கள்வர் கையில் அகப்பட்டவளையும் கைவிடலாகாது என்றும், மாதவிலக்கினாலேயே அவள் சுத்தியடைகிறாள் என்றும் தெளிவாகவே விதிக்கிறது. அந்நியரால் கவர்ந்து செல்லப்பட்டவர்களைத் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கென்றே விதி வகுத்தது தேவல ஸ்மிருதி. மாமா இவற்றைப் படித்திராதவர் அல்லர் என்றே நினைக்கிறேன். கருணைக்கு இடம் தருகிற பக்கம் வந்ததும் ஏட்டை மூடிவிடுகிற பண்டிதர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இனி, தண்ணீர் ஊற்றிய முதல் தாயின் செய்கையைத்தான் ஒரு குறையும் இல்லாத தர்மம் என்று கொண்டாடிவிட முடியுமா? குளிப்பாட்டினால் போய்விடுகிற அழுக்கு என்று சொல்லும்போதே, அழுக்கு ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இதிகாசத்தில் அகலிகைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. வால்மீகியின் அகலிகை வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைந்தவள். அவளுக்குச் சாபமும் தவமும் விமோசனமும் வரிசையாக நடந்தேறுகின்றன. கம்பனோ, மனத்தால் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் வாயிலாகவே கௌதமருக்குச் சொல்ல வைக்கிறான். பிழையே இல்லையென்றால் அத்தனை காலம் கல்லாய்க் கிடந்தது எந்தக் கணக்கில் சேரும் என்று கம்பனிடம் கேட்கத் துணிந்தவர் புதுமைப்பித்தன். 1943-ல் அவர் எழுதிய 'சாபவிமோசன'த்தில், சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் ராமன் என்று அந்தச் சீதையின் வாயாலேயே கேட்ட அகலிகை, தன்னைச் சுத்தி செய்தவனின் நீதியும் இவ்வளவுதானா என்று உணர்ந்து, மறுபடியும் கல்லாகிறாள். ஜெயகாந்தன் தம் சிறுகதைக்கு வைத்த தலைப்பிலும் அந்த நெருப்புத்தான் எரிகிறது. அதை ஒரு ஸ்நான அறைக்குள் கொண்டுவந்து, தண்ணீராக்கித் தாயின் கையில் கொடுத்தது அவருடைய துணிவு.

ஆனாலும் அந்தத் தாயை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவளுடைய செய்கையில் தண்ணீரைவிடப் பெரிய அம்சம் ஒன்று இருக்கிறது. அலறல் கேட்டுப் பக்கத்தில் இருப்பவள் என்னவென்று விசாரிக்கும்போது, மழையில் இப்படி நனைந்துகொண்டு வந்து நிற்கிறாளே என்றுதான் திட்டுகிறேன் என்று பொய் சொல்லிவிடுகிறாள் அவள். தீமையற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடங்கொடுத்தது இப்படிப்பட்ட வேளைக்காகவே அல்லவா? பிறகு, பெண் வாயில் மென்றுகொண்டிருக்கிற, அவன் கொடுத்த சூயிங் கம்மைத் துப்பச் சொல்கிறாள். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்தவள் அல்லள். கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் ஒதுக்கித் தள்ளி, மகளை மட்டும் மிச்சப்படுத்திக்கொண்டாள். அந்தக் கணத்தில் விஷயம் இரண்டு பேருக்குள் இருந்தது. இரண்டு பேருக்குள் இருக்கிறவரையில்தான் அதன்மேல் தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் தாய்க்கு உண்டு.

கனகம் இழந்தது அந்த அதிகாரத்தை. மகனை அண்டிப் பிழைக்கிற ஒரு விதவைக்கு அந்த வீட்டில் வேறு எந்த அதிகாரமும் இருந்ததில்லை. இருந்த ஒன்றும் அவள் வாய் திறந்த மாத்திரத்தில் கணேசன் கைக்கும், அவன் கையிலிருந்து தெருவின் வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. அவளைக் கொடியவள் என்று எண்ணுகிறவர்கள், அடிவயிற்றிலிருந்து வருகிற அலறலை அடக்க எத்தனை பேரால் இயலும் என்பதையும் சிந்திக்க வேண்டும். ஆகவே அவள் அலறியதை மன்னிக்கலாம். அலறல் ஓய்ந்த பின்பும், மகளைத் துரத்துகிறபோதும், அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் அவள் வாய் திறவாதிருந்ததுதான் மன்னிப்பதற்குக் கடினமானது. முதல் குற்றம் பயத்தால் நேர்ந்தது. இரண்டாவது பழக்கத்தால் நிலைத்தது.

நாவலில் ஒரு விசித்திரமான திருப்பம் இருக்கிறது. 'அக்னிப் பிரவேசம்' என்ற அந்தக் கதையே ஆர். கே. வி. என்ற எழுத்தாளர் எழுதிய பத்திரிகைக் கதையாக நாவலுக்குள் நுழைந்து, கனகத்தின் கைக்கும் கங்காவின் கைக்கும் வந்துவிடுகிறது. தான் செய்யத் தவறியதை வேறொரு தாய் செய்ததாக அச்சில் படிக்கிறாள் கனகம். இப்படி நாமும் செய்திருக்கலாமே என்று கலங்குகிறாள். கதாசிரியர் தம் கதையைத் தாமே புகழ்ந்துகொள்கிற உத்தி இது என்று ஒருவர் முகம் சுளிக்கலாம். நானும் முதல் வாசிப்பில் சற்றுச் சுளித்தவன்தான். மறுபடி படிக்கும்போது அந்தக் கலக்கத்தின் உள்ளீடுதான் என்னை நிறுத்துகிறது. அவள் அழுவது எதற்காக? மூடி மறைத்திருந்தால் மகளுக்கு ஒரு கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தை குட்டியோடு இருந்திருப்பாள் என்பதற்காகவே அல்லவா? மகள்மீது ஒரு குற்றமும் இல்லை என்ற நினைவு அந்த அழுகையில் எங்கேனும் தலைகாட்டுகிறதா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. கங்காவுக்கும் அகப்படவில்லை போலும். பிராயச்சித்தம் என்பது பாவம் செய்தவன் தானே முன்வந்து கேட்டுப் பெறுவது. இங்கே கேட்க வேண்டியவள் தாய். அவளோ தன் பெண்ணுக்கு வாய்க்காமற்போன பிராயச்சித்தத்தை எண்ணி உருகிக்கொண்டிருக்கிறாள்.

மாமா சொன்னதையே சவாலாக எடுத்துக்கொண்டு தன்னைக் கெடுத்த பிரபு என்பவனைத் தேடிக் கண்டுபிடித்து, மனைவியும் மகளும் உள்ள அவனோடு உடல் சம்பந்தமில்லாத ஒரு சிநேகத்தைக் கங்கா வளர்த்துக்கொள்வதும், ஊர் அதை வேறு பெயரிட்டு அழைப்பதும், அவள் அந்தப் பெயரை மறுக்காமல் கேடயம்போல் முன்னே பிடித்துக்கொள்வதும் நாவலின் பிற்பகுதியை நிறைக்கின்றன. கடைசியில் அவளைக் குடியிலும் சிகரெட்டிலும் கொண்டுபோய் நிறுத்துவதில், இத்தனை பேரோடு சேர்ந்து ஆசிரியரும் அவளைக் கொஞ்சம் தண்டித்துவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. தாயின் வாயிலிருந்து வராத வார்த்தையை, கெடுத்தவனின் சிநேகத்திலிருந்தாவது பெற்றுவிடலாம் என்று ஒருத்தி நினைத்தாளே, அந்த நினைப்புக்கு அவளை விட்டது யார் என்று கேட்டுக்கொண்டு, நான் ஒவ்வொரு முறையும் நாவலின் முற்பகுதிக்கே, அந்த மழை மாலையில் கனகத்தின் வீட்டு வாசலுக்கே, திரும்பிப் போகிறேன்.