யாரும் பார்க்காத காட்சி

நியூயார்க்கின் சோஹோ பகுதி, 1973. கறுப்பு வெள்ளைப் படம். மொட்டை மாடிகள், உருளை உருளையாகத் தண்ணீர்த் தொட்டிகள். மாடிக்கு ஒருவராக ஆட்கள் நிற்கிறார்கள். தூரத்தில் இருப்பவர் வெறும் புள்ளி.

ட்ரிஷா பிரவுனின் ‘ரூஃப் பீஸ்’ அது. ஒரு மாடியில் இருப்பவர் செய்யும் அசைவை அடுத்த மாடிக்காரர் பார்த்துத் திருப்பிச் செய்வார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். சின்ன வயதில் காதோடு காதாக ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பி விளையாடுவோமே, அதேதான், உடம்பால். போகப் போக அசைவு சிதையும். எங்கே நின்றாலும் முழுசாகப் பார்க்க முடியாது. அப்படித்தான் அமைத்திருந்தார்கள்.

படத்தை எடுத்தவர் பாபெட் மாங்கோல்ட். 1941இல் பிரான்சில் பிறந்து, பாரிஸில் ஒளிப்பதிவு படித்து, 1970இல் நியூயார்க் வந்தவர். அந்தப் பத்தாண்டின் பரிசோதனை நாடகமும் நடனமும் இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இவருடைய கண் வழியாகத்தான்.

எனக்கு உறுத்துவது இதுதான். யாரும் முழுசாகப் பார்க்கக் கூடாதென்று செய்த ஒன்றை ஒரே சட்டத்துக்குள் காட்டுவது நியாயமா? படத்தில் ஆளுக்கொரு நிலையில் நிற்கிறார்கள். அசைவு பிசகிவிட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா? படம் சொல்லாது. என் வேலையிலும் இந்தத் தொல்லை உண்டு. தகவல் தாமதமாக வருகிறதா, கெட்டுப்போய் வருகிறதா என்று ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிக் கேட்பார்கள். என்ன சொல்ல?

ரிச்சர்ட் ஃபோர்மனின் நாடகங்களையும் மாங்கோல்ட் படமெடுத்தார். ஃபோர்மனின் மேடையில் குறுக்கும் நெடுக்கும் கயிறுகள் இழுத்துக் கட்டியிருக்கும். அவரே பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து ஒலியை இயக்குவார். கதையில் ஆள் ஒன்றிவிடும் நேரம் பார்த்து பஸ்ஸர் அலறும். படத்தில் கயிறு இருக்கிறது, பஸ்ஸர் இல்லை. அந்த அரங்கில் உட்காராத என்னைப் போன்றவனுக்கு ஃபோர்மன் என்றால் கயிறு. படத்தில் விழுவதுதான் வரலாற்றில் நிற்கும் என்றால், விழாதவற்றுக்கு யார் பொறுப்பு? படமெடுக்க ஆளே வராத நாடகங்களைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை.

இதை மாங்கோல்ட் மேல் புகாராகச் சொல்லவில்லை. ஷான்தால் ஆகெர்மன் 1975இல் எடுத்த ‘ழான் டீல்மன்’ படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். அதில் கேமரா நேராக நிற்கும், பின்தொடராது, கிட்டே போய் எட்டிப் பார்க்காது. உருளைக்கிழங்கு உரிக்கிறாள் என்றால் உரித்து முடியும்வரை நாமும் இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். காலத்தை வெட்டாமல் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர், அதற்கு இரண்டு வருடம் முன்பு மாடியில் நின்று ஒரு நொடியை வெட்டி எடுத்தார். எதை விடுகிறோம் என்று தெரியாமலா எடுத்திருப்பார்? எடுக்காமல் விட்டிருந்தால் இதை எழுத எனக்கு விஷயமே இல்லை.

அவரையும் அந்த வரிசையில் ஒருவராக இப்போது நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து மாடியில் பார்த்ததைத் தன் வழியில் திருப்பிச் செய்தவர். ஆனால் மற்றவர்கள் செய்தது அடுத்தவர் செய்ததும் மறைந்துபோனது. இவர் செய்தது மட்டும் தங்கி, மூலத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

2011இல் நியூயார்க் ஹை லைன் பூங்காவைச் சுற்றியுள்ள கூரைகளில் அதே ‘ரூஃப் பீஸ்’ மறுபடி நடந்தது. அண்ணாந்து பார்த்தவர்களில் பாதிப் பேராவது இந்தப் படத்தைத்தான் தேடியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. நானாக இருந்தால் தேடியிருப்பேன்.