மங்கி எரியும் திரியும் மாபெரும் விண்மீனும்



தை மாதத்து இரவொன்றில், எட்டு மணிபோல, உடுவில் தோட்டவெளியிலே நின்று கிழக்கு வானை அண்ணாந்து பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே சிவந்து மின்னுவது திருவாதிரை. தெற்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு சிறு வரிசை உண்டு. அதன் நடுப் புள்ளி மட்டும் மற்றவைபோலத் தெளிவாக இராது. பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் வைத்த விளக்குப்போலத் தெரியும். அது ஒளிரும் முகில். ஓரியன் நெபுலா என்பர் விஞ்ஞானிகள். இந்த விண்மீன் கூட்டத்தின் கட்டுகளை அவிழ்க்க உன்னால் இயலுமோ என்று ஆண்டவர் யோபுவிடம் கேட்டதை அவருடைய ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தொலைநோக்கியால் அம்முகிலைக் கண்டு, 1619ஆம் ஆண்டிலேயே அதைப்பற்றி நூலில் எழுதியவர் சீசாட் என்னும் இயேசுசபைத் துறவி.

அந்த முகில் நமக்கு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நாம் காணும் ஒளி, தமிழகத்தைப் பல்லவர் ஆண்ட நாளிலே புறப்பட்டது. முகிலுக்கோ தன்னொளி இல்லை. பெரும்பாலும் ஐதரசன் வாயுவும் தூசுமே அது. அதன் நடுவே நெருங்கி நிற்கும் நான்கு விண்மீன்களுள் ஒன்று, நம் சூரியனைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு எடை கொண்டது. அதன் கழியூதாக் கதிர்கள் பட்டே முகில் ஒளிர்கிறது. இருண்டு கிடந்த தூசு, வலிமையுள்ள ஒருவன் நடுவில் எரிவதால் அழகு பெறுகிறது.

ஆனால் கதை இவ்வளவோடு முடியவில்லை. அந்த மாபெரும் விண்மீனிலிருந்து ஒரு காற்றும் ஓயாது வீசுகிறது. அது சுற்றியுள்ள முகிலைக் குடைந்து, பெரியதொரு குமிழிபோல வெளியே தள்ளுகிறது. அக்குமிழியின் ஓடு செக்கனுக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் வேகத்தில் விரிகிறதென 2019இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. புதிய விண்மீன்கள் பிறப்பதற்குரிய வாயுவும் அதனோடு அடித்துச் செல்லப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. அருகிலே சின்னஞ்சிறு இளம் விண்மீன்கள் பல, தம்மைச் சுற்றித் தட்டுப்போன்ற வாயுவும் தூசும் கொண்டு நிற்பதை 1990களில் ஹபிள் தொலைநோக்கி காட்டியது. கோள்கள் உருவாவது இத்தகைய தட்டுகளிலேதான். பெரிய விண்மீனுக்குக் கிட்ட நிற்பவற்றின் தட்டுகளோ, அதன் கதிர்வீச்சால் ஆவியாகிக் கரைந்து போகின்றன. முகிலை ஒளிரச் செய்யும் அதே வலிமை, பக்கத்தில் நிற்கும் சிறியவற்றை வளரவிடாமலும் செய்கிறது.

விண்மீனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு அறிவும் இல்லை, மனமும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். உழைத்து, வீடு கட்டி, ஊரிலே மதிப்போடு வாழும் தகப்பன் ஒருவர். அவரால் வீடே ஒளிர்கிறது. ஆனால் அவர் இருக்கும்போது மகன் வாய் திறப்பதில்லை; மகள் தன் விருப்பத்தைத் தாயிடம்கூடச் சொல்வதில்லை. வெளிநாட்டிலே பனியிலும் குளிரிலும் வேலை செய்து காசு அனுப்பும் அண்ணன் ஒருவர். அவருடைய தியாகம் பெரிது. ஆனால் தம்பி எதைப் படிப்பது, தங்கை யாரை மணப்பது என்பதெல்லாம் தொலைபேசியிலேயே முடிவாகிவிடுகிறது. பங்கிலும் இது நடக்கும். குருக்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் ஆண்டவரோ வேறு விதம். அவரே உலகின் ஒளி. அவரிலும் வலியவர் யார்? ஆயினும் மங்கி எரியும் திரியை அவர் அணையார் என்று இசையாஸ் முன்னுரைத்ததை, மத்தேயு தம் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் நினைவூட்டுகிறார். மங்கி எரியும் திரியைப்பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. 1990க்குப் பின் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கிலே நம் பிள்ளைகள் படித்தார்கள். காற்று வீசும்போது தாய்மார் ஓடிவந்து உள்ளங்கையால் மறைத்து அந்தச் சுடரைக் காத்தார்கள். ஆண்டவரின் வலிமை அந்தக் கையைப் போன்றது. சக்கேயுவும் சமாரியப் பெண்ணும் அவர் அருகில் வந்து கரைந்து போகவில்லை, தலைநிமிர்ந்து போனார்கள்.

உடுவில் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் இந்தத் தை மாதத்தில் அவரை நினைப்பது தகும். 1819இல் அமெரிக்காவில் கப்பலேறி வந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பெதற்கு என்றிருந்த காலத்தில், 1824இல் உடுவிலிலே அவர்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். 1833ஆம் ஆண்டு தை மாதத்திலே, முப்பத்தாறாம் வயதில், இங்கேயே இறந்தார். பெரிய விண்மீன்களுக்கும் ஆயுள் குறைவு. நம் சூரியன் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு எரியும், அவையோ ஒரு கோடி ஆண்டுகூட நிலைப்பதில்லை. அம்மையார் தம் குறுகிய ஆயுளைச் சிறியவர்கள் வளருவதற்கே செலவிட்டார். அப்பாடசாலை இன்றும் நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, வீட்டிலே பலம் யாரிடம் உண்டோ அவர் இன்றிரவு செபமாலைக்குப் பின் தம்மைத் தாமே கேட்கட்டும்: என் அருகில் இருப்பவர்கள் வளருகிறார்களா, கரைகிறார்களா? விடை தெரியாவிட்டால் வீட்டில் மிகச் சிறியவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்குமட்டும் பேசாமல் கேளுங்கள்.

ஆண்டவரே, எங்களுக்கு நீர் தந்த பலம், பிறருடைய சுடரைக் காக்கும் கையாக இருப்பதாக. ஆமென்.