மஞ்சள் கொடி

கரைக்கும் எனக்கும் நடுவே இரண்டு முழத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு பலகையைப் போட்டால் நடந்து போய்விடலாம். பலகையும் படகிலேயே இருந்தது. ஆனால் இறங்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

நான் சொல்வது அட்ரியாடிக் கடலோரத்தில், குரோஷியா நாட்டின் தென்கோடியில் இருக்கும் சாவ்தாத் என்ற சிறிய, மிகப் பழைய துறைமுக ஊரைப் பற்றி. ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒருவனுக்குப் பாய்மரப் படகு ஓட்டுவதில் அலாதி மோகம். அதற்கென்று உரிமமும் வாங்கி வைத்திருக்கிறான். அவனும் அவன் மனைவியும் ஒரு படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, "கதை கதை என்று நாற்காலியில் உட்கார்ந்தே கிடக்கிறாயே, ஒரு வாரம் எங்களோடு வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மாண்டினீக்ரோவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, பகல் சாப்பாட்டு நேரம் கழிந்த பிறகு சாவ்தாத் வந்து சேர்ந்தோம்.

படகைக் கட்டுவது லேசான காரியமல்ல என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கரைக்குச் சற்று எட்டவே நங்கூரத்தை இறக்கிவிட வேண்டும். பிறகு சங்கிலியை விட்டுக்கொண்டே படகைப் பின்னோக்கிச் செலுத்தி, அதன் பின்புறம் கரைக்கு அருகில் வந்ததும் இரண்டு கயிறுகளைக் கரையிலுள்ள இரும்புக் குற்றிகளில் மாட்ட வேண்டும். முன்னால் நங்கூரம் இழுக்கிறது, பின்னால் கயிறு இழுக்கிறது. இரண்டு இழுப்புக்கும் நடுவே படகு ஆடாமல் நிற்கிறது. நான் வீசிய கயிறு இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது தடவை கரையில் நின்ற ஒரு பெரியவர் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்.

அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைக்கப் போனேன். தோழன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இறங்காதே. முத்திரை குத்துகிற வரையில் நீ இன்னும் இந்த நாட்டுக்கு வெளியேதான் இருக்கிறாய். நான் போய்க் காகிதங்களைக் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு அவன் மட்டும் போனான்.

அரை மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. கரையில் காப்பி மணம். குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்த்தன. எனக்கு எரிச்சல் மூண்டது. "என்ன அம்மா இது? நம்மைப் பார்த்தால் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரியா இருக்கிறது?" என்று தோழன் மனைவியிடம் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அண்ணா, மேலே பாருங்கள்" என்றாள். பாய்மரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்தது. "அந்நிய நாட்டிலிருந்து வருகிற எந்தப் படகும் இதை ஏற்ற வேண்டும். 'என் படகில் நோயில்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள்' என்று அதற்கு அர்த்தம். துறைக்குள் திரும்பும்போது ஒரு மொட்டைத் தீவைக் காட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? மிர்கான் என்று பேர். இந்த மாதிரிக் காத்திருப்பதற்கு ஆரம்பமே அந்தத் தீவும் இந்த ஊரும்தான்" என்றாள்.

இன்று டுப்ரோவ்னிக் என்று வழங்கும் நகரத்துக்கு அப்போது ரகூசா என்று பெயர். சாவ்தாத்திலிருந்து படகில் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். கடல் வாணிபத்தையே நம்பிப் பிழைத்த சிறிய குடியரசு அது. 1348-ல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய் அந்த ஊரையும் விட்டு வைக்கவில்லை. நோய் எதனால் வருகிறது என்று எவருக்கும் தெரியாது. பிளேக் கிருமியை யெர்சின் என்ற மருத்துவர் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-ல்தான். ரகூசாக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நோய் மனிதர்களோடும் சரக்கோடும் வருகிறது என்பது ஒன்றுதான்.

அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. துறைமுகத்தை அடைத்துவிட்டால் பட்டினி. திறந்து வைத்திருந்தால் சாவு. 1377-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்நகரத்துப் பேரவை மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. நோய் பரவியிருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர்கள் மிர்கான் தீவிலோ சாவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கிய பிறகுதான் நகர எல்லைக்குள் வரலாம் என்று சட்டம் செய்தது. உலகத்தில் இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதலாவது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். முப்பது நாள் பிற்காலத்தில் நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' என்ற வார்த்தையே பிறந்தது.

அந்தப் படகில் உட்கார்ந்துகொண்டு நான் யோசித்தேன். தர்ம நியாயப்படி இது சரிதானா? நோயே இல்லாத ஒருவனை, எந்தப் பிழையும் செய்யாதவனை, ஒரு மாதம் மொட்டைப் பாறையில் நிறுத்தி வைக்க ஓர் ஊருக்கு என்ன உரிமை இருக்கிறது? சந்தேகம் ஒன்றே தண்டனைக்குப் போதுமா?

இன்னொரு விசித்திரமும் உண்டு. இப்போது நான் கட்டுண்டு கிடந்த சாவ்தாத், பண்டைக் காலத்தில் எபிதாரும் என்ற பெயரோடு விளங்கிய நகரம். ஏழாம் நூற்றாண்டில் அது படையெடுப்பால் அழிந்தபோது தப்பி ஓடிய ஜனங்களே ரகூசாவுக்குப் போய்க் குடியேறினார்கள் என்பது அந்த ஊரின் பரம்பரைக் கதை. அகதிகளால் வளர்ந்த ஊர், ஏழு நூற்றாண்டுகள் கழித்துத் தன் கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து, "என் தாய்வீட்டுத் திண்ணையில் போய் ஒரு மாதம் காத்திரு" என்று சொல்கிறது! இதை நன்றிகெட்டதனம் என்பதா, விவேகம் என்பதா?

கதை எழுதுகிறவனுக்கு இரக்கத்தின் பக்கம் சாய்வது சுலபம். "கதவைத் திற" என்று எழுதிவிட்டால் வாசகர் கண்ணில் நீர் வரும். ஆனால் கதவைத் திறந்ததனால் உள்ளே செத்துப் போகிற குழந்தையும் ஒரு குழந்தைதானே? அதற்காக யார் அழுவது? மாறாக, "கதவை மூடு" என்று சொல்வதும் சுலபந்தான். கடலிலேயே விடப்பட்டவர்கள் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். திறப்பதும் மூடுவதும் ஒரு கணத்து வேலை. காத்திருக்கச் சொல்வதும், அந்தக் காத்திருப்புக்குப் பொறுப்பேற்பதும் அப்படியல்ல.

அந்தச் சட்டத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த அம்சம் வேறு. அது அயலாருக்கு மட்டும் போட்ட சட்டமல்ல. நம் ஊரார் ஆனாலும் சரி, வெளியார் ஆனாலும் சரி, நோயுள்ள இடத்திலிருந்து வந்தால் விதி ஒன்றே என்று அதில் வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். காத்திருப்பவர்களை நகரத்து ஆள் ஒருவன் போய்ப் பார்த்தால் அவனும் அவர்களோடு ஒரு மாதம் தங்க வேண்டியதுதான்.

சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். பேரவையில் கையைத் தூக்கி அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய பிரபு ஒருவர். வியாபாரத்துக்குப் போன அவருடைய பிள்ளை, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருகிறான். கப்பல் வந்துவிட்டது என்று செய்தி வருகிறது. தாயார் சமையலுக்கு ஏற்பாடு செய்கிறாள். தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் முப்பது நாள் ஆகும்" என்கிறார். அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள்? அந்தச் சட்டம் நியாயமானதா இல்லையா என்பதை அந்த வீட்டில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அன்னியனை நிறுத்தி வைத்த பாறையில் அல்ல.

அவர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரபுக்களின் ஆட்சி அது. வியாபார லாபமே அவர்களுக்குப் பிரதானம். எழுதி வைத்த விதியைப் பணக்காரர்கள் வளைத்திருக்கவும் கூடும். ஆயினும் தங்களைத் தாங்களே கட்டிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அக்குடியரசின் தலைவருக்குப் பதவிக் காலம் ஒரே ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் குடும்பத்தை விட்டு அரண்மனைக்குள்ளேயே இருக்க வேண்டும். அரசாங்கக் காரியமாகவன்றி வெளியே வரக் கூடாது. தலைவனையே ஒரு மாதம் அடைத்து வைத்த ஊர், வந்தவனை ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னபோது, அந்தச் சொல்லுக்கு ஒரு யோக்கியதை இருந்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு வாசல் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகள், ராமேசுவரத்துக்கு இப்பால் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்ட பிறகே கப்பலேறினார்கள். முக்கியமாகக் கூலிகளுக்காக ஏற்பட்ட முகாம் அது. நோய்க்குக் கூலி என்றும் துரை என்றும் தெரியாது, முகாமுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு தூரம் யோசித்த பிறகு என் மனம் என்னை விட்டுவிடவில்லை. ஊரைப் பற்றியும் துரையைப் பற்றியும் நியாயம் பேசுகிறாயே, உன் வாசல் எப்படி என்று கேட்டது.

2020 மார்ச்சில் நடந்தது. எங்கள் வீட்டில் பல வருஷங்களாக வேலை செய்யும் அம்மாள் ஒருவர், ஊரில் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசினேன். "பதினைந்து நாள் கழித்து வாருங்கள். எல்லோருடைய நன்மைக்கும்தான் சொல்கிறேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பதினைந்து நாள் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. வேலை செய்யாத நாளுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அன்று எனக்கு நியாயமாகவே பட்டது.

அதே வாரத்தில் என் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். இரவு பதினோரு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து நின்றான். நான் கேட்டைத் திறந்தேன். பதினைந்து நாள் என்ற கணக்கு என் நினைவுக்கே வரவில்லை. அவன் அம்மா தோசை வார்த்துப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். "தம்பி வந்துட்டாங்களாமே ஐயா, நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே விசாரித்தார். குத்தல் இருந்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

அவரைக் காத்திருக்கச் சொன்னது தவறென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. மகனைக் காத்திருக்கச் சொல்லாததுதான் தவறு. மாடியில் ஓர் அறை சும்மாத்தான் கிடந்தது. அவனை அங்கே பதினைந்து நாள் வைத்துவிட்டு, அந்த அம்மாளுக்கும் சம்பளத்தைக் கொடுத்திருந்தால், நான் சொன்ன 'எல்லோருடைய நன்மை' என்ற வார்த்தைக்குப் பொருள் இருந்திருக்கும். அப்படிச் செய்யாததால் அது வெறும் பயமாகப் போயிற்று. அந்தப் பயத்துக்கு நான் ஒரு நல்ல பெயரைச் சூட்டியிருந்தேன்.

தோழன் திரும்பி வந்தான். மஞ்சள் கொடியை இறக்கினோம். நங்கூரத்தை எடுத்துக்கொண்டு மாலை வெயிலில் டுப்ரோவ்னிக்கை நோக்கிப் போனோம். மதிலும் கோட்டையுமாக அந்த நகரம் கடலிலிருந்து எழுந்து வருவதைப் பார்க்கும்போது எவனுக்கும் பேச்சு நின்றுபோகும். பழைய துறைமுகத்தில் எங்களைப் போன்றவர்கள் தங்க இடமில்லை. வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அப்பால் உள்ள கிரூஷ் துறைக்குப் போய்த்தான் கட்ட வேண்டும். கிழக்கு வாசலுக்கு வெளியே, கடலோரமாக, வரிசையாகக் கல் கட்டடங்கள் தெரிந்தன. பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய லாஸரெட்டோக்கள் அவை. வந்தவர்கள் காத்திருப்பதற்காக ஊரார் எழுப்பிய வீடுகள். மொட்டைப் பாறையில் ஆரம்பித்த ஏற்பாடு, இரண்டரை நூற்றாண்டில் கூரையும் சுவரும் முற்றமுமாக, நகர வாசலுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்திருந்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் பதினைந்து நாள் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து அந்த அம்மாளிடம் கொடுத்தேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க ஐயா?" என்று கேட்டார். மகன் வந்த கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பெத்த புள்ளைய யாருங்க வெளிய நிறுத்துவாங்க?" என்று சொல்லிவிட்டு, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு 1377-லேயே ஓர் ஊர் பதில் எழுதி வைத்திருக்கிறது. பெற்ற பிள்ளையையும் நிறுத்தி வைக்கத் துணிந்தவனுக்குத்தான் பிறத்தியாரை நிறுத்தி வைக்கும் உரிமை உண்டு.