ஆட்டமும் வெகுளியும்

விளையாட்டென்பது உள்ளத்தின் சோர்வை நீக்கிக் களிப்பைத் தருதற்பொருட்டு மனிதர் வகுத்துக்கொண்டதொன்று. அதுவே, இக்காலத்து இணையத்தின் வழியாக நிகழும் போட்டியாட்டங்களிலே கடுஞ்சினத்துக்கும் இழிந்த வசைமொழிக்கும் நிலைக்களமாகின்றது. மாணாக்கர் பலர் அவ்வாட்டங்களிற் பொழுதுபோக்குவராதலின், இதன் காரணத்தை ஆராய்தல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

அமெரிக்காவிலுள்ள றயற் கேம்ஸ் என்னும் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட லீக் ஒவ் லெஜென்ட்ஸ் என்னும் ஆட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். இதிலே ஐவர் ஓரணியாகவும் ஐவர் எதிரணியாகவும் நின்று பொருவர். ஓராட்டம் ஏறக்குறைய அரைமணி நேரம் நிகழும். தனியே வருவானுக்குத் துணைவராய் வாய்க்கும் நால்வரும் பெரும்பாலும் முன்னறியாதவர். அவர் முகம் தோன்றாது. புனைபெயரும் எழுதுஞ் சொல்லுமே தோன்றும். இடையிலே விலகுவார்க்குத் தண்டமுண்டு.

முகமறியாமையே வெகுளிக்குக் காரணமென்பர் ஒருசாரார். இணையத்திலே மனிதர் தம் அடக்கத்தை இழக்குமாற்றை உளநூலாராகிய ஜோன் சூலர் 2004ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். அஃது உண்மையே, ஆயினும் முழுவதுமன்று. என்னை? முகமறியாமை வெகுளியைத் தடுக்கும் நாணத்தை நீக்குமேயன்றி வெகுளியைப் பிறப்பியாது. அணை உடைந்தவழி நீர் பாயும். அவ்வுடைவு நீரை உண்டாக்குவதில்லை.

அங்ஙனமாயின், அந்நீர் எங்கிருந்து வந்ததெனின், கூறுதும். இவ்வாட்டங்களிலே ஒவ்வொருவர் திறமையும் இலக்கத்தால் அளக்கப்பட்டு, ஒத்த திறமையாளரே எதிரெதிர் நிறுத்தப்படுவர். சதுரங்கத்தின்பொருட்டு ஆர்பட் ஈலோ என்பவர் வகுத்த அளவுமுறை இதற்கு முன்மாதிரியாகும். ஆகவே, தனக்குரிய தரத்தை எய்திய ஒருவன் ஏறக்குறைய இரண்டாட்டங்களில் ஒன்றிலே தோற்றல் அம்முறையின் இயல்பு. அவனோ தன் தகுதி அவ்விலக்கத்தின் மேற்பட்டதென்று எண்ணுகின்றான். ஒவ்வொரு தோல்வியையும் தன் உடைமையைப் பிறர் கவர்ந்ததாகக் கொள்ளுகின்றான்.

சதுரங்கத்திலே தோற்றவன் தன்னையே நோதல் வேண்டும். இங்கே நோதற்கு வேறு நால்வர் உளர். தன் பிழைக்கு ஏதுக் கற்பித்து, பிறர் பிழைக்கு அவரது இழிவையே ஏதுவாக்குதல் மக்கள் வழக்கம். இவ்வழக்கு எண்ணிப் பார்ப்பின் நிற்கமாட்டாது. தன்னணியிலே முன்னறியாதார் நால்வர், எதிரணியிலோ ஐவர். திறமையற்றோர் வாய்த்தல் இருசாரார்க்கும் பொதுவாதலின், அவன் மெய்யாகவே மேம்பட்டவனாயின், பல ஆட்டங்களின் முடிவில் அவன் தரம் உயர்ந்தேயாகும். உயராமையின், குறை துணைவரிடத்ததன்றென்பது துணிபு. இதனைக் காணவொண்ணாமற் கண்ணை மறைப்பது தன்மதிப்பு. அம்மதிப்பு நோவாதபடி காத்தற்கெழுந்ததே இவ்வெகுளி.

இது தீயோர் சிலருக்கே உரியதென்று கருதற்க. மேற்சொன்ன நிறுவனத்தார் ஆராய்ந்தபொழுது, வசைமொழியின் பெரும்பகுதி எப்பொழுதும் தீங்குசெய்வாரிடத்தினின்றன்றி, பெரும்பாலும் நன்கொழுகுவார் ஒரோவொருகாற் சினந்ததனாலேயே வந்ததென்று கண்டனர். எதிரணியாரோடு எழுத்தாற் பேசும் வாயிலை அடைத்து, வேண்டுவார் திறந்துகொள்ளலாமென்று விட்டபொழுது வசை குறைந்தது. 2011இல் ஆடுவோரே முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்ப்புரைக்கும் நியாயசபை போன்றதோர் ஏற்பாடும் செய்து, பின்னர் அதனைக் கைவிட்டனர். இவை வேண்டுவனவே. ஆயினும் இவை சொல்லைத் தடுப்பனவன்றி உள்ளத்தைத் திருத்துவனவல்ல.

காண்பார்முன் இன்சொல்லும் காணார்முன் வசையும் உடையவன் அடக்கத்தைப் பெற்றானல்லன். பழிக்கு அஞ்சுதலை மாத்திரமே பெற்றான். அவ்வச்சம் நீங்குமிடத்திலே அவன் கல்வியின் அளவு வெளிப்படுகின்றது. ஆதலின், இவ்வாட்டங்களை விலக்குவதனால் மாத்திரம் ஆசிரியர் கடன் முடிந்ததாகாது. விளையாட்டு வெளியிலும் பரீட்சையிலும் தோற்ற மாணாக்கன் பிறரைக் கூறுமுன் தன் பிழை யாதென்று கூறப் பழக்குக. புனைபெயருக்குப் பின்னே தன்னைப்போல் நோவானொருவன் இருக்கின்றானென்பதை உணர்த்துக. வெல்லக் கற்பிப்பார் பலர். தோற்கக் கற்பிப்பார் சிலரே. ஆடுவோர் அனைவரும் செம்பாதி தோற்கும் ஆட்டத்திலே பெரிதும் வேண்டப்படுவது அப்பின்னைய கல்வியே.