மெழுகில் விழுந்த த்வனி

சப்தம் நித்தியமா, அநித்தியமா என்ற விவாதம் நம்முடைய தரிசனங்களில் பல நூற்றாண்டுக் காலம் ஓயாமல் நடந்த ஒன்று. ஆகாசத்தின் குணமாகிய சப்தம் ஒரு காரணத்தால் தோன்றிச் சிறிது போதில் மாய்ந்துவிடுவது என்று நையாயிகர் ஸாதிக்க, எழுத்தொலி என்றைக்கும் உள்ளது, நம் வாயிலிருந்து எழும் த்வனி அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்று மீமாம்ஸகர் மறுத்தனர். நேற்றுக் கேட்ட ககரமே இது என்று இன்று நாம் அடையாளம் கண்டுகொள்வதை அவர்கள் தக்க ஸாக்ஷியமாகக் காட்டினர். இவ்வளவு முரண்பட்ட இரு சாராருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் பேதமில்லை. த்வனி, அதாவது இன்னாருடைய கண்டத்திலிருந்து இன்ன கணத்தில் இன்ன நடுக்கத்தோடு புறப்பட்ட நாதம், அழிந்துபோவது.

அந்த அழியும் பகுதியைத் தேடியே ஆயுளைச் செலவிட்டவர் பிரெட் கெய்ஸ்பர்க். 1873-ல் வாஷிங்டனில் பிறந்து, இளம் பிராயத்திலேயே உருளைப் பதிவுகளுக்குப் பியானோப் பக்கவாத்தியம் வாசித்துத் தொழில் கற்று, தட்டுப் பதிவைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் சேர்ந்து, 1898-ல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்கு வந்தவர் அவர். இசைத்தயாரிப்பாளர் என்ற பதவிப் பெயரே வழங்காத காலத்தில், பாடகரைத் தேர்ந்தெடுத்துப் பேரம் பேசுவதும், கருவியை நிறுத்திப் பதிவு செய்வதும், வேண்டியபோது பியானோ முன் உட்கார்வதும் அவர் ஒருவருடைய காரியமாகவே இருந்தன. 1902-ஆம் வருஷம் ஏப்ரலில் மிலான் நகரத்து ஹோட்டல் அறையொன்றில் இத்தாலியப் பாடகர் கருஸோவின் பத்துப் பாட்டுகளை நூறு பவுனுக்குப் பதிவு செய்தார். அதே வருஷம் ரோமில் மோரெஸ்கியைப் பதிவு செய்தார்; உயர்ந்த குரலுக்காகப் பாலப்பருவத்திலேயே ஆண்மை போக்கப்பட்ட பாடகர் பரம்பரையில் தம் தனிக்குரலைத் தட்டில் விட்டுச் சென்றவர் மோரெஸ்கி ஒருவரே. நவம்பரில் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் எதிரே இருந்தார்.

அந்நாளில் பதிவுக்கு மின்சாரத்தின் உதவி கிடையாது. அது 1925-ல்தான் வந்தது. பாடகர் ஒரு கொம்புக் குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட, குரலின் ஒலியலை மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிர வைக்க, அதனோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் தடம் கீறும். உச்ச ஸ்வரம் திடீரென்று ஓங்கினால் தடம் கெடும் என்பதால், அது வருவதற்கு முன்பே பாடகரைப் பின்னுக்கு இழுத்து, மெல்லிய இடம் வரும்போது முன்னுக்குத் தள்ள வேண்டும். வரப்போகிற ஸ்வரத்தை முன்கூட்டியே மனத்தில் கேட்கிற ஸங்கீத ஞானம் இல்லாதவருக்கு இந்த வேலை கைகூடாது. ஆகவே பதிவாளரை வெறும் ஸாக்ஷி என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஸாக்ஷி பார்த்துக்கொண்டிருப்பவர், கெய்ஸ்பர்க்கோ தோளைப் பிடித்து நகர்த்தியவர்.

அவர் அகப்படுத்தியதுதான் என்ன? ஊசியை வைக்கும்போது பிறப்பது புதிய நாதம், பழையது அன்றே போயிற்று என்று நையாயிகர் சொல்வார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களே, அநுபவம் மறைந்த பின்னும் ஆத்மாவில் அதன் ஸம்ஸ்காரம் தங்கி, தூண்டப்படும்போது ஸ்மிருதியாக எழுகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். தட்டில் இருப்பது நாதமன்று, நாதத்தின் ஸம்ஸ்காரம். அந்தக் கல்கத்தாப் பதிவில் கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்கள் பாடியவர் யாரென்று அறிவதற்காக அப்படி ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் பாடிய ராகத்தை வேறொருவர் பாடலாம். அந்தப் பெயரை, வேலை முடிந்த மிடுக்கோடு அப்படிச் சொல்ல வேறு யாராலும் இயலாது.

அழிவதைப் பிடித்து வைத்துக்கொள்ள விரும்புவது பற்றுத்தானே என்று விரக்தர் ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்நாளைய இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் தடத்தைத் தேய்த்துக்கொண்டேதான் ஓடியது. அதை நன்கறிந்த கெய்ஸ்பர்க் நித்தியத்தைச் சம்பாதிக்கிறோம் என்று மயங்கியிருக்க மாட்டார். ஒருவருடைய குரல் அவருடையது என்ற காரணத்துக்காகவே மதிக்கத்தக்கது என்ற சிரத்தையையே நான் அவருடைய உழைப்பில் காண்கிறேன்.

1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை, வியன்னாவில் புரூனோ வால்ட்டர் நடத்திய மாலரின் ஒன்பதாவது ஸிம்பொனியைக் கச்சேரி நடக்கும்போதே பதிவு செய்வித்தவரும் கெய்ஸ்பர்க்தான். மாலர் தம் காதால் கேளாமலே இறந்துபோன படைப்பு அது. 1912-ல் முதன்முதலாக அரங்கேற்றியவர் வால்ட்டர். 1938-இன் அந்தக் கச்சேரியில் முதல் வயலினில் அமர்ந்தவர் மாலரின் தங்கையை மணந்த ஆர்னால்ட் ரோஸே. கச்சேரி நடந்த இரண்டு மாதத்துக்குள் ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. யூதர்களான வால்ட்டரும் ரோஸேயும் தேசத்தை இழந்தனர். ரோஸேயின் மகள் ஆல்மா 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டாள். இருபது தட்டுப் பக்கங்களில் அடங்கிய அந்தப் பதிவில் வாத்தியங்களோடு, சபையில் இருந்தவர்களின் இருமலும் கேட்கிறது. இக்காலத்துப் பதிவுக்கூடங்களில் மூச்சொலியையும் இருமலையும் துடைத்தெடுப்பதை ஒரு சுத்திகரிப்பாகக் கருதுகிறார்கள். ஸ்வரங்கள் மட்டும் வேண்டுமானால் மாலர் எழுதிய ஏடு இருக்கிறது, எந்த நாட்டு வாத்தியக் குழுவும் அதைப் பார்த்து நாளைக்கும் வாசிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸேயின் வில் தந்தியில் உராய்ந்ததையும், தங்கள் ஊரில் இன்னும் சில வாரமே வாழப்போகிறோம் என்று அறியாதவர்கள் அங்கே இருமியதையும் எந்த ஏட்டிலிருந்தும் திரும்பப் பெற முடியாது.