மலிவு யாருடையது?

ஓர் ஊரை மலிவான ஊர் என்று சொல்லும்போது நாம் எதைக் கருதுகிறோம்? வாடகை குறைவு, காய்கறி விலை குறைவு, வேலைக்கு ஆள் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் என்பனவே நம் கருத்தாகும். இவற்றுள் மூன்றாவதை நம்மவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் முன்னைய இரண்டும் பெரும்பாலும் அதன் மேலேயே நிற்கின்றன. கொத்தனாரும் சித்தாளும் குறைந்த கூலிக்கு உழைப்பதால் வீடு மலிவு. களை பறிக்கும் பெண்ணின் கூலி குறைவாயிருப்பதால் கத்தரிக்காய் மலிவு. ஆகவே ஓர் ஊரின் மலிவு என்பது அவ்வூர் ஏழைகள், தாம் அறியாமலேயே நமக்குச் செய்யும் தள்ளுபடி எனலாம்.

தென்காசிப் பகுதியில் வாழ்வோர்க்கு இது வெறும் தத்துவ விசாரணை அன்று. 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராகிய இவ்வூர் சித்திரை வைகாசியில் வெயிலில் வறுபடும். ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்து சேரும். குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெருநகரத்து வாடகையில் ஒரு பகுதியைக் கொடுத்தால் காற்றோட்டமான வீடு கிடைக்கும். ஓய்வூதியத்தோடு வருவோர், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஈட்டிய பொருளோடு திரும்புவோர், சென்னைச் சம்பளத்தை இங்கிருந்தபடியே கணிப்பொறி வழியாகப் பெறுவோர் என இங்கு வந்து தங்குவோர் பலதிறத்தினர். ஸோஹோ நிறுவனம் 2011லேயே அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அது ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொண்டுவந்த வருகை. அதனைப் பற்றி இங்கே பேச்சில்லை. வருமானத்தை வெளியூர் அளவிலும் செலவை உள்ளூர் அளவிலும் வைத்துக்கொள்ளும் வாழ்க்கை முறைதான் நம் ஆராய்ச்சிக்குரியது.

உலகெங்கும் இம்முறை பரவி வருகின்றது. பிரேசில் நாட்டின் தெரசினா, கடற்கரை இல்லாத, வெயிலுக்குப் பேர்போன உள்நாட்டு நகரம். இத்தகைய ஊர்களையும் செலவு குறைவு என்பதற்காகவே மேலைநாட்டார் சிலர் குடியிருக்கக் கருதிப் பார்க்கின்றனர். வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து உழைப்போர் தங்குவதற்கென 2022 ஜனவரியில் பிரேசில் அரசு ஓர் அனுமதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வருமானத்தைக் காட்டி விண்ணப்பிப்பவர்க்கு மாதம் 1,500 டாலராவது வெளியிலிருந்து வருதல் வேண்டும். அதே மாதத்தில் அந்நாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் வரையறுத்த குறைந்தபட்ச ஊதியம் 1,212 ரெயால்; அன்றைய மதிப்பில் 250 டாலருக்கும் குறைவு. அடுத்தடுத்த வாசல்களில் ஆறு மடங்கு ஏற்றத்தாழ்வு! குடிவருபவர் யாரையும் ஏய்க்கவில்லை. கேட்ட வாடகையைக் கொடுக்கிறார். ஆயினும் அந்த ஆறு மடங்குக்கு அவர் தம் மனச்சான்றிடம் என்ன கணக்குச் சொல்வார் என்பதே கேள்வி.

இதற்கு நேர்மாறான சபர் ஒன்றை நம் மாவட்டத்து மக்களே மேற்கொண்டார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறியவர்கள் மலிவைத் தேடிப் போகவில்லை; கூலியைத் தேடிப் போனார்கள். சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். கடையநல்லூரார் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றது அக்காலத்தில் புதுமை. அப்பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். ஊரை விட்டு வந்தவர்கள்தாம். இருந்தும் 1946இல் அவர்கள் சங்கம் உமறுப் புலவர் பெயரால் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982 வரை அது நடைபெற்றது. அம்மியில் அரைத்த காசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மிச்சம் பிடித்தவர்கள் எங்கே, சாரலுக்காக வந்து மூன்றாண்டு தங்கியும் தெருவாசி ஒருவரின் பெயரைக்கூட அறியாதவர் எங்கே! (வறியவன் அயல்நாடு போனால் அவனைக் குடிபெயர்ந்த கூலி என்பதும், செல்வன் போனால் அவனுக்கு வேறொரு மதிப்பான பெயர் சூட்டுவதும் ஆங்கிலத்தார் வழக்கு. நம் மொழியில் இருவரும் சபுராளிகளே.)

பயணி யார், குடியிருப்பவர் யார் என்பதை நம் பிக்ஹு நூலோர் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். ஓரிடத்தில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத்துச் செய்தால் அவர் முகீம், அதாவது ஊரில் தங்கியவர். தொழுகையைச் சுருக்கும் சலுகை அவருக்கில்லை என்பது ஷாபிஈ மத்ஹபு. பதினைந்து நாள் என்பது ஹனபி மத்ஹபு. நாளை போவேன், மறுநாள் போவேன் என்று தங்கும் எண்ணமே கொள்ளாதவர், ஆண்டுகள் கழியினும் பயணியாகவே இருப்பார் என்றும் ஹனபி நூலோர் கூறுவர். தங்கும் காலத்தின் நீளத்தைவிட உள்ளத்தின் தீர்மானத்துக்கே இங்கு முதன்மை. ஆனால் அந்தச் சலுகை இறைவனுக்குச் செலுத்தும் தொழுகையில் அளிக்கப்பட்டது. மனிதர்க்குச் செலுத்த வேண்டியதில் அன்று. முசாபிர் என்பதற்காக எவருடைய கடனும் பாதியாகக் குறைவதில்லை. கூலியைச் சுருக்கவும் வழியில்லை. நம் காலத்துக் குடிவருநரோ தொழுகையை முழுமையாகத் தொழுதுவிட்டு, அண்டை வீட்டாருக்குரிய கடமையை மட்டும் சுருக்கிக்கொள்கிறார்.

உலகப் பயணி இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜி பதவி ஏற்றதும், அங்குள்ள பெண்கள் உடுத்தும் முறையை மாற்றப் பெரிதும் முயன்று தோற்றதும் அவர் வரலாற்றில் காணப்படுவன. சில மாதக் குடியிருப்பில் ஊரைத் திருத்தப் புறப்படும் ஆர்வம் அன்றே இருந்திருக்கிறது! நாம் சொல்லும் கடமை அதுவன்று. கணக்கு வழக்கில் நேர்மை என்னும் எளிய கடமையே.

‘பணம் உள்ளவர் தாராளமாகச் செலவிட்டால் ஊருக்கு நன்மைதானே’ என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஆறாயிரத்துக்கு விடப்படும் வீட்டைப் பத்தாயிரத்துக்குப் பேசி முடிப்பவர் தாராள மனத்தர் போலத் தோன்றுவார். ஆனால் அடுத்த மாதம் அதுவே அந்தத் தெருவின் வாடகை ஆகிவிடுகிறது. ஊர்ப் பள்ளி ஆசிரியரோ ஜவுளிக்கடைக் கணக்கரோ அவ்வாடகைக்கு எங்கே போவார்? மாறாக, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கூட்டிக் கொடுப்பதும் தெரு முழுதும் பரவத்தான் செய்யும். நடுத்தரக் குடும்பத்தார் முணுமுணுக்கவும் கூடும். ஆயினும் இவை இரண்டும் ஒன்றல்ல. வேலைக்கு ஆள் வைக்க இயலாதவர் தம் வீட்டைத் தாமே பெருக்கிக்கொள்வார். அதனால் அவர்க்கு அநீதி ஒன்றும் நேர்ந்துவிடாது. கூரையை இழப்பவர் நிலை அவ்வாறன்று. எனவே வீட்டுக்காரரிடம் பேரம் பேசுவது அறமாகவும், வேலைக்காரியிடம் பேரம் பேசுவது அறமற்றதாகவும் ஆகின்றன. நடைமுறையிலோ நம்மவர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வாடகையில் நாலாயிரத்தை விட்டுக்கொடுப்பவர் பாத்திரம் துலக்குபவரிடம் நூறு ரூபாய்க்கு வாதாடுகிறார்.

‘இங்கே நடப்புக் கூலி இவ்வளவுதான்’ என்பது அவர் விடை. அந்த நடப்புக் கூலி எங்கிருந்து வந்தது? இம்மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்களுக்கு எளிதில் கிடைக்கும் மாற்று வேலை பீடி சுற்றுதல். ஆயிரம் பீடிக்கு இன்ன தொகை என்ற கணக்கில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கழுத்து நோகக் குனிந்திருக்க வேண்டும். அதைவிடச் சற்றே மேலான எதையும் அவர் ஏற்றுக்கொள்வார் என்பதுதான் நடப்புக் கூலியின் இரகசியம். அவர் சம்மதித்தார் என்பதனால் அது நியாய விலை ஆகிவிடுமா?

குடிவருபவரை மட்டுமே குறை கூறுவதும் முறையன்று. நம் வாசகர்களில் வீடு வைத்திருப்போரும் உளர். சிங்கப்பூர்ப் பணத்தில் கட்டிய வீட்டுக்கு, வெளியூர்ப் பணத்தோடு வருபவர் இரட்டிப்பு முன்பணம் தருகிறேன் என்கிறார். எட்டாண்டுகளாக அங்கேயே இருப்பவர் காலம் கேட்கிறார். முஹல்லாவின் மோதினார் எந்த வீட்டில், என்ன வாடகைக்கு இருக்கிறார் என்பதைப் புதியவரிடம் பேசி முடிப்பதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.